அந்தப் பழைய நம்பரை விடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. வயலுக்குப் போகமுன் தேத்தண்ணியோடு கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும், ரொறன்ரோவிலோ லண்டனிலோ நித்திரை வராமல் போனைக் காதில் செருகிக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கும் வணக்கம். என்னை இங்கே கூப்பிட்ட தம்பி, "அன்ரி, வெளிநாட்டில் பென்சன் எடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து இருக்கிறீர்கள்தானே, அந்த அனுபவத்தைச் சொல்லுங்கள், பன்னிரண்டு நிமிஷம்" என்றார். பன்னிரண்டு நிமிஷம் எனக்குக் காணாது. அதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

நான் வட்டக்கச்சிக்காரி. 27 வருஷம் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தேன். இவரும் நானும் 2022 தை மாதம் பெட்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினோம். அந்த வருஷம் என்ன வருஷம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வந்து நாலு மாதத்துக்குள் எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, கறண்ட் இல்லை. பிள்ளைகள் அங்கேயிருந்து "அம்மா, திரும்பி வாங்கோ" என்று அழுதார்கள். நான் விறகு அடுப்பில் சமைத்தேன். அது எனக்குப் பிறந்த நாள் முதல் தெரிந்த வேலை. அதெல்லாம் கஷ்டமில்லை. எனக்கு வந்த கஷ்டம் வேறு. ஒரு சின்ன சிம் காட்டால் வந்தது.

இதைக் கொஞ்சம் விபரமாகவே சொல்லவேண்டும்.

வந்த புதிதில் இங்கேயுள்ள சிம் ஒன்று வாங்கிப் போட்டேன். லண்டன் சிம்மைக் கழற்றி ஒரு பவுடர் டப்பாவுக்குள் போட்டு அலுமாரிக்குள் வைத்தேன். இங்கே இருக்கிறவளுக்கு அங்கத்தை நம்பர் எதற்கு என்று நினைத்தேன். கெட்டித்தனம் என்றுகூட நினைத்தேன். ஏழு, எட்டு மாதம் போனது. ஒருநாள் பென்சன் விழுந்துவிட்டதா என்று பார்க்க என்னுடைய வங்கிக் கணக்கைப் போனில் திறந்தேன். "உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைப் பதியுங்கள்" என்று வந்தது. எந்தத் தொலைபேசிக்கு? பவுடர் டப்பாவுக்குள் இருப்பதற்கு. ஓடிப்போய் எடுத்துப் போட்டால், அந்த நம்பர் செத்துவிட்டது. காசு போட்டுப் பாவிக்கிற சிம்மை ஆறு மாதம் அளவில் தொடாமல் விட்டால் வெட்டிவிடுவார்களாம். அது எனக்குத் தெரியாது.

சரி, வங்கிக்குப் போன் எடுத்து நம்பரை மாற்றுவோம் என்று பார்த்தேன். மாரியில் அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மத்தியானம் ஒன்றரை. அடுப்பில் சோறு கொதிக்கிறது, காதில் அவர்களுடைய சங்கீதம். முக்கால் மணித்தியாலம். ஒரு பிள்ளை வந்தது, நல்ல மரியாதையான பிள்ளை. "நம்பரை மாற்றலாம் அம்மா, அதற்கு உங்கள் பழைய நம்பருக்கு ஒரு குறியீடு அனுப்புகிறேன், அதைச் சொல்லுங்கள்" என்றது. நான் சொன்னேன், பிள்ளை, அந்த நம்பர் இல்லாதபடியால்தானே உனக்குப் போன் எடுத்தேன் என்று. அது யோசித்தது. பிறகு பாதுகாப்புக் கேள்வி கேட்டது: "உங்கள் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர் என்ன?"

நான் உடனே "வீமன்" என்றேன். வீமன் எங்கள் ஐயா வளர்த்த நாய். வாய்க்காலைக் கடந்து பள்ளிக்கூடம் வரைக்கும் எனக்குப் பின்னால் வரும். "பிழை" என்றது அந்தப் பிள்ளை. வீமனைப் பிழை என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? பிறகுதான் விளங்கியது. அந்தக் கணக்கைப் போனில் போட்டுத் தந்தது என்னுடைய மகன். கேள்விக்கு மறுமொழி எழுதினதும் அவன்தான். அவன் எழுதி வைத்தது அவன் சின்ன வயதில் வளர்த்த வெள்ளை எலியின் பெயர். றொக்கியாம். மூன்று தரம் பிழையாகச் சொன்னதால் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

பிறகு கடிதம் எழுதி, கடவுச்சீட்டுப் பிரதியில் ஒப்பம் வாங்கி அனுப்பி, அவர்கள் மறுமொழியைப் பழைய லண்டன் விலாசத்துக்கு அனுப்பி, அதை மகள் படம் பிடித்து எனக்கு அனுப்பி, எல்லாம் முடிய ஐந்து கிழமை. அந்த ஐந்து கிழமையும் சந்திக் கடைத் தம்பி கொப்பியில் எழுதித்தான் சாமான் தந்தார். லண்டன் பென்சன்காரி கடைக்கொப்பியில்.

ஆகவே நேயர்களே, ஊருக்கு வர யோசிக்கிறவர்களே, அந்தப் பழைய நம்பரை விடாதீர்கள். வெளிக்கிடமுன் வங்கியைக் கேளுங்கள், சிம் இல்லாமல் வேறு வழியில் உள்ளே போக ஏற்பாடு இருக்கிறதா என்று. சில வங்கிகள் நீங்கள் வெளிநாட்டில் குடியேறிவிட்டீர்கள் என்று தெரிந்தாலே கணக்கை மூடிவிடும். அதையும் கேளுங்கள். நம்பரை வைத்திருப்பதென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்புங்கள். இவருடைய சிம்மை அப்படித்தான் உயிரோடு வைத்திருக்கிறோம். அது எங்கள் வீட்டில் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால்தான் பிடிக்கும். குறியீடு வரும் நேரம் இவர் கிணற்றுக்கட்டில் ஒரு கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். போகிற வருகிறவர்கள் அண்ணைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறார்கள்.

பிள்ளையின் நம்பரைக் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்துப் பார்த்த ஒரு அக்கா விசுவமடுவில் இருக்கிறார். மகன் ரொறன்ரோவில். இங்கே பகல் பதினொன்று என்றால் அங்கே நள்ளிரவு கழிந்துவிட்டது. குறியீட்டின் ஆயுள் பத்து நிமிஷம், அவனுடைய நித்திரை எட்டு மணித்தியாலம்.

நேரம் என்றவுடன் இன்னொன்று. லண்டனில் பங்குனியிலும் ஐப்பசியிலும் கடைசி ஞாயிறுகளில் மணிக்கூட்டை மாற்றுவார்கள். நான் சொல்வது இங்கிலீஸ் மாதக் கணக்கில். ரொறன்ரோவில் அது பங்குனி இரண்டாம் ஞாயிறு, கார்த்திகை முதலாம் ஞாயிறு. இங்கே நாங்கள் காலபோக நெல் விதைப்பில் நிற்கும்போது அங்கே ஒரு மணித்தியாலம் நழுவிவிடும். போன் எடுக்கமுன் எண்ணிப் பாருங்கள்.

சரி, சிம் கதையை இத்தோடு விடுகிறேன். விட மனமில்லை.

அடுத்தது உயிர்வாழ் சான்றிதழ். இங்கே அரச பென்சன்காரருக்கு இது பழக்கமானதுதான். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று வெளிநாட்டுப் பென்சன் கந்தோருக்கும் காட்டவேண்டும். பிரித்தானியாவில் இருந்து அந்தப் படிவம் வந்தால் 16 கிழமைக்குள் சாட்சி ஒப்பத்தோடு திருப்பி அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் பென்சனை நிறுத்தி வைக்கலாம். ஜெர்மனியில் வருஷாவருஷம் கேட்பார்கள். பதினாறு கிழமை தாராளம்போலத் தெரியும். ஆனால் முதலில் கடிதம் வந்து சேரவேண்டுமே! எங்கள் வீட்டுக்கு இலக்கம் இல்லை. வன்னியில் எத்தனை வீட்டுக்கு இலக்கம் இருக்கிறது? எங்கள் விலாசம் ஆளின் பெயர், யூனிற் என்று நாங்கள் சொல்கிற பகுதியின் பெயர், வட்டக்கச்சி, கிளிநொச்சி. அங்கேயுள்ள படிவம் இலக்கம் இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. இவர் தானாக ஒரு இலக்கம் போட்டார், பதினேழு. அது நாங்கள் லண்டனில் இருந்த வீட்டு இலக்கம். நல்லவேளை, தபால்காரத் தம்பிக்கு இலக்கம் தேவையில்லை, ஆளைத் தெரியும்.

சாட்சி ஒப்பம் யார் வைக்கலாம் என்று படிவத்திலேயே எழுதியிருக்கும். அதை வாசியுங்கள். நான் வாசிக்காமல், எங்கள் கிராம அலுவலர் தமிழில் அழகாக எழுதித் தந்த கடிதத்தை வைத்து அனுப்பினேன். திரும்பி வந்தது. அவருடைய பிழை இல்லை, என்னுடைய பிழை.

பென்சன் காசைப் பற்றி ஒரு கசப்பான விஷயம். பிரித்தானிய அரச பென்சன் அங்கே இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சித்திரை மாதமும் கூடும். இலங்கையில் வந்து இருந்தால் கூடாது. நீங்கள் இங்கே வந்த நாளில் என்ன தொகையோ அதுவே சாகும்வரை. சில நாடுகளோடு அவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே கூடும். எங்களோடு இல்லை. இதை எனக்கு லண்டனில் ஒருவரும் சொல்லவில்லை. பவுண் ஏறினபோது பெரிதாகத் தெரியவில்லை. நாங்கள் வந்தபோது ஒரு பவுண் 270 ரூபாய் அளவில் நின்றது, அந்த வைகாசியில் 440ஐத் தாண்டிப் போனது. பென்சன் பெருத்ததுபோல இருந்தது. ஆனால் அரிசியும் மாவும் அதைவிட வேகமாகப் பெருத்தன. இப்போது ரூபாய் ஒரு இடத்தில் நிற்கிறது, என்னுடைய பவுண் தொகையும் 2022இல் நின்றபடியே நிற்கிறது, சாமான் விலை மட்டும் நிற்கவில்லை. வாடகைக்கும் குறைந்த வருமானத்துக்கும் அங்கே தருகிற மேலதிகக் காசையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

கனடாக்காரருக்குக் கணக்கு வேறு. பதினெட்டு வயதுக்குப் பிறகு 20 வருஷம் கனடாவில் இருந்திருந்தால் முதியோர் பென்சன் இங்கேயும் வரும். இருபது வருஷம் இல்லாவிட்டால் ஆறு மாதத்தோடு நின்றுவிடும். குறைந்த வருமானத்துக்கான மேலதிகக் காசு எவருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் வராது. பத்தொன்பது வருஷத்தில் ஊர் ஆசை வந்தால், இன்னும் ஒரு வருஷம் பனி வழித்துவிட்டு வாருங்கள். ஒன்ராறியோ மருத்துவ அட்டையை வைத்திருக்க விரும்பினால் பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் அங்கே நிற்கவேண்டும். அதனால்தான் சிலர் மாரிக்கு இங்கே, கோடைக்கு அங்கே என்று கொக்குகள்போலப் போய் வருகிறார்கள். நான் குறை சொல்லவில்லை, அது கெட்டித்தனம்.

காணி, பிரஜாவுரிமை. இதற்கு ஒரு தனி நிகழ்ச்சி வேண்டும், வேகமாகச் சொல்கிறேன். வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்த அன்றே, முன்கூட்டி அனுமதி எடுத்து வைத்திருந்தால் ஒழிய, இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டது. பிறந்த வளவில் இருந்தாலும் நீங்கள் விசாவில் இருக்கிற வெளிநாட்டுக்காரர். 55 வயது தாண்டியவர்கள் அந்தக் காரணத்தை வைத்தே இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நோர்வே 2020இலும் ஜெர்மனி 2024இலும் இரட்டைப் பிரஜாவுரிமைக்குக் கதவு திறந்துவிட்டன, அங்கேயிருந்து வருகிறவர்கள் முன்புபோல் பயப்படத் தேவையில்லை. எடுத்தால் பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது. இவர் அதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

2014ஆம் ஆண்டுக் காணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி விற்று உறுதி முடிக்க முடியாது. தாய் தகப்பன் எழுதித் தருவது வேறு, இரட்டைப் பிரஜைக்கும் தடை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பாதிக்காணி உறுதிக்காணியே இல்லை, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பேர்மிட் காணி. அதை நினைத்தபடி விற்கவோ மாற்றவோ முடியாது, அடுத்து யாருக்குப் போகும் என்று பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கவேண்டும். ஐயா அம்மா உயிரோடு இருந்தால் இந்தக் கிழமையே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இடம்பெயர்வில் எங்கள் பேர்மிட் எங்கே விழுந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பிரதி எடுக்க நான் நடந்த நடையை இங்கே சொல்லப்போவதில்லை.

மருந்து. லண்டன் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுபோய் பாமசியில் காட்டினால் அந்தக் கொம்பனிப் பெயர் இங்கே இல்லை. பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரை எழுதி வைத்திருங்கள். அதிலும் ஒரு பிரச்சினை. நாங்கள் பரசிற்றமோல் என்பதைக் கனடாவில் அசிற்றமினோபென் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்குக் கேடு.

இன்சுலின் போடுகிறவர்கள் இதைக் கேளுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், அது குளிர்சாதனப் பெட்டிதான். திறந்ததை அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் அவர்கள் அறை என்று நினைப்பது 25, 30 பாகை. ஆவணி மாதத்து வட்டக்கச்சி அறை முப்பத்தைந்து. கறண்ட் போய்விட்டால் என்ன செய்வது? இவருக்கு நான் செய்கிற வேலை: பெரிய மண்பானைக்குள் ஈரமணல், அதற்குள் சின்ன மண்முட்டி, முட்டிக்குள் துணி, துணிக்குள் மருந்து, மேலே ஈரச்சாக்கு. காற்றுப் படுகிற நிழலில் வைக்கவேண்டும், அடுப்படியில் வைக்கக்கூடாது. கிளினிக்கில் ஒரு டொக்டர் பிள்ளையிடம் பயந்து பயந்து சொன்னேன், "நல்லது அம்மா, மணல் காயாமல் பாருங்கள்" என்றார். அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இன்னும் காசு கேட்பதில்லை. அதிகாலையில் போகவேண்டும், அவ்வளவுதான்.

அவசரத்துக்கு 1990. அந்த அம்புலன்ஸ் சேவை 2018இல் எங்கள் மாகாணத்துக்கும் வந்தது. எடுத்தால் விலாசம் கேட்பார்கள், மறுபடியும் அந்த இலக்கமில்லாத வீட்டுக் கதை. கோயில், பள்ளிக்கூடம், வாய்க்கால் பாலம், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பாம்பு கடித்த நேரத்தில் எனக்கு என்னுடைய பெயரே வராது.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷமா? ஒன்றா? ஒன்றாம். பாருங்கள், உயிலைப் பற்றித்தான் நான் ஆறுதலாகப் பேச நினைத்து வந்தேன். எல்லாவற்றையும் அந்தச் சிம் விழுங்கிவிட்டது. இரண்டு நாட்டிலும் சொத்து இருந்தால் இரண்டு உயில், இங்கேயுள்ளதற்கு இங்கே ஒரு நொத்தாரிசிடம். ஒன்று எழுதும்போது மற்றதை ரத்துச் செய்யாதபடி எழுதச் சொல்லுங்கள். இறந்துவிட்டால் பென்சன் கந்தோருக்கு உடனே அறிவிக்கவேண்டும், கூடுதலாக வந்த காசைத் திருப்பிக் கேட்பார்கள். யார் அறிவிப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். இவர் தன்னுடைய உயிலை எழுதி முடித்துவிட்டார். என்னுடையதற்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வங்கிப் பாதுகாப்புக் கேள்வியின் மறுமொழியையும் ஒரு தாளில் எழுதி உயிலோடு வைக்கப்போகிறேன். வீமனில்லை, றொக்கி.

சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.