கானோவைத் தாங்கியது மதிலா, சாயக்குழியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வடக்கு நைஜீரியாவின் கானோ நகரைத் தாங்கி நின்றது மதிலும் அரண்மனையும்தான் என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். அவர் சொன்ன அளவுகள் சரி. 1903-இல் நேரில் பார்த்த பிரிட்டிஷார் எழுதியதும் அதுதான்: சுற்றளவு ஏறத்தாழ 18 கிலோமீட்டர், உயரம் 30 முதல் 50 அடி, அடித்தளத்தில் 40 அடி கனம், 13 வாயில்கள். ஆனால் அந்த மதில் எந்த நாளில் நகரைக் காப்பாற்றியது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நகரைத் தாங்கியது துணிக்கு நீலம் ஏற்றும் சாயக்குழிகள்தான் என்பது எங்கள் அணியின் வாதம்.

1807-இல் இஸ்லாமியச் சீர்திருத்தத் தலைவர் உஸ்மான் டான் ஃபோடியோவின் படைகள் வென்றபோது மதில் இடியவில்லை. மன்னர் அல்வாலிதான் நகரை விட்டு ஓடினார். 1903 பிப்ரவரியில் கானோவின் எமிர், அதாவது ஆட்சியாளர், அலியு குதிரைப்படையோடு வெளியே போயிருந்தார். பிரிட்டிஷ் பீரங்கி கபூகா வாயிலை உடைத்தது, ஒரே நாளில் நகரம் விழுந்தது. இரண்டு முறையும் ஆட்சி மாறியது. இரண்டு முறைக்குப் பிறகும் சாயக்குழியில் துணி நனைந்துகொண்டுதான் இருந்தது.

அந்தக் குழியில் என்ன நடக்கிறது? சாயக்குழிக் களத்துக்கு ஹௌசா மொழியில் கரோஃபி என்று பெயர். தரையில் ஆழமாகத் தோண்டிய வட்டக் குழிகள். மழையும் தூசியும் விழாமல் மேலே கூம்பு வடிவ வைக்கோல் மூடி. உள்ளே நீலச் சாயம் தரும் அவுரி, சாம்பல் நீர், பொட்டாஷ். பல நாள் புளிக்க வேண்டும். காரம் குறைந்தால் அழுகி நாறும், கூடினால் புளிப்பே எழாது. சகாராவிலிருந்து ஹார்மட்டான் என்ற வறண்ட காற்று வீசும் குளிர்மாதங்களில் புளிப்பு மந்தமாகும். அவசரப்பட்டுக் கலக்கினால் காற்றுப் பட்டுச் சாயம் குழிக்குள்ளேயே திரிந்துவிடும். துணியை முதலில் நீரில் நனைத்து, பிறகு முக்கி, தூக்கி, காற்றில் பிடித்து, மறுபடி முக்க வேண்டும். வெளியே வரும்போது பச்சையாக இருப்பது கண் முன்னே நீலமாகும். கருநீலம் வேண்டுமென்றால் மணிக்கணக்கில் இதையே செய்ய வேண்டும். அதன்பின் மரக்கட்டையில் வைத்து, அவுரிப் பொடி தூவி, மினுமினுக்கும்வரை கொட்டாப்புளியால் அடிப்பார்கள். சகாரா பாலைவனத்துத் துவாரெக் இன ஆண்கள் முகத்தைச் சுற்றும் பளபளக்கும் நீலத் துணி இப்படித்தான் பிறந்தது.

1851-இல் கானோவுக்கு வந்த ஹைன்ரிக் பார்த் என்ற ஜெர்மானியப் பயணி கணக்கு எழுதி வைத்தார். நகரில் 2,000-க்கும் மேற்பட்ட சாயக்குழிகள். ஒவ்வொன்றுக்கும் எமிர் வாங்கிய வரி 700 சோழி. அன்று அங்கே சோழிதான் பணம். பெருக்கிப் பாருங்கள், 14 லட்சம் சோழி! ஏற்றுமதியான துணியின் மதிப்பு ஆண்டுக்குக் குறைந்தது 30 கோடி சோழி என்கிறார். ஒரு குடும்பம் ஓராண்டு வசதியாக வாழ 50,000 முதல் 60,000 சோழி போதும் என்றும் எழுதுகிறார். முர்சுக், காட், திம்பக்டு என்று பாலைவனம் முழுக்க இந்தத் துணி நடந்தது. எதிரணியினர் புகழும் அரண்மனைக்கு இந்த நீலக்கைகள் வரி கட்டின நடுவர் அவர்களே!

அரண்மனையைக் கட்டிய மன்னர் ரும்ஃபாதான் கானோவின் குர்மி சந்தையையும் அமைத்தார் என்றார்கள். உண்மை. அவர் ஆண்டது 1463 முதல் 1499 வரை. மாட்டா வாயில் சாயக்களமும் 1498-இல் தொடங்கியது என்றுதான் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். கானோவின் டாலா குன்றில் இரும்பு உருக்கியவர்கள் எந்த மன்னரின் ஆணைக்கும் காத்திருக்கவில்லையே. குர்மி சந்தையில் அடிமைகளையும் விற்றார்கள். அதை மறைத்துவிட்டு நான் சந்தையைப் புகழ மாட்டேன். நான் வாதாடுவது கைத்தொழிலுக்காக.

கடைசியாக ஒன்று. கானோவின் மண் மாளிகைகளைத் துபாலி என்ற கூம்பு மண்கட்டிகளை அடுக்கி எழுப்பினார்கள். கரையான் அரிக்காத பனை உத்தரங்கள் கூரையைத் தாங்கின. ஆனால் மண் கூரை மழை தாங்காது. அதற்கு மருந்து எங்கிருந்து வந்தது? சாயக்குழியிலிருந்து! குழியின் அடியில் தங்கும் வண்டலை வாரிக் காயவைத்துச் சுட்டால் காட்ஸி. அதோடு விலங்கு மயிரும் சேர்த்து அடித்தால் லாசோ என்ற நீர்புகாக் காரை. சாயக்குழிகளுக்கு உட்பூச்சும் அதுதான். அந்தப் பூச்சு வந்த பிறகுதான் பெரிய குழிகள் பெருகின, கானோவின் துணி மற்ற ஊர்களை முந்தியது. செல்வர்களின் கூரைகளிலும் அதே காரை ஏறியது.

இன்று மாட்டா வாயிலில் பல குழிகள் வறண்டு கிடக்கின்றன. வெளிநாட்டு மலிவுத் துணி வந்து குவிகிறது. சாயம் இல்லையென்றால் வண்டல் இல்லை, வண்டல் இல்லையென்றால் காட்ஸி இல்லை. அதற்குப் பதிலாக மண்சுவரின் மேல் சிமெண்ட் பூசுகிறார்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டு, சிமெண்ட் பாளம் பாளமாக உரிந்து, பின்னாலிருக்கும் மண் பொடியாகக் கொட்டுகிறது. எதிரணியினரின் மதிலும் மாளிகையும் நிற்க வேண்டுமென்றால், முதலில் அந்தக் குழிகளில் மறுபடி அவுரி புளிக்க வேண்டும் நடுவர் அவர்களே. நன்றி.