தனி வளை வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, கிளினிக்கை முடித்த கையோடு வந்திருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, ஒலிபெருக்கி தந்துதவிய கோயில் பரிபாலன சபையாரே, மழையிலும் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

மண், வாக்கு, தண்ணீர் ஆகிய மூன்றும் நம் உடம்பை என்ன செய்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள். இலங்கையின் இந்த மலையில் காப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வளைகூட இல்லை. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயம் என்ற இந்த வரிசை வீடுகளின் ஒற்றைக் காம்பராவில் எழும் புகை மட்டும் நம்முடையது.

என் பெரியம்மா ஒருவர் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அடுப்பும் படுக்கையும் ஒரே காம்பராவில். ஈர விறகுப் புகையில் இரவெல்லாம் இருமுவார். தோட்டத்து மருந்துச் சாலையில் சிவப்புத் தண்ணீர் மருந்து கொடுப்பார்கள். குடித்துவிட்டு மறுபடி அதே அடுப்பை ஊதுவார். கடைசியில் சீட்டுப் பணம் எடுத்து, நாலு தகரம் வாங்கி, லயத்துக்குப் பின்னால் தனிக் குசினி போட்டார். மூன்றாம் நாள் காவல்காரர் வந்துவிட்டார். அனுமதி இல்லையாம். தகரத்தைக் கழற்றி வாசலில் அடுக்கிவிட்டுப் போனார்கள். பெரியம்மா அதன் மேலேயே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். இந்த நோய்க்கு எந்த டாக்டர் மருந்து எழுத முடியும்? அதனால்தான் சொல்கிறேன், எலி வளையானாலும் தனி வளை வேண்டும்!

1948இல் நம்மவர்களின் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டு வாக்கும் போனது. வாக்கில்லாதவன் வாசலுக்கு எவர் வருவார்? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல்தான் திருத்தினார்கள். உறுப்பினர்கள் இங்கேயே இருக்கிறார்கள்; இனியும் தோட்டத்துக் குழாய்க்கும் கழிப்பறைக்கும் தோட்ட நிர்வாகியான துரையைக் கைகாட்ட வேண்டாம் என்று பணிவோடு கேட்கிறேன்.

கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை மறப்போமா? மலை சரியும் என்று எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. இடம் பெயர்வதற்குச் சொந்த நிலம் எங்கே இருந்தது? 2014 அக்டோபர் 29ஆம் தேதி லயங்கள் மண்ணுக்குள் போயின.

வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலம் என்றார்கள்; ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி. போதாது. இருபது பேர்ச் வேண்டும்; குசினியும் கழிப்பறையும் கீரைப் பாத்தியும் அதில் அமைய வேண்டும். காணி உறுதிப்பத்திரம் பெண்ணின் பெயரில் எழுதப்பட வேண்டும், ஏனென்றால் புகையைக் குடிப்பவள் அவள். வாசலில் மேசை போட்டிருக்கிறது, மனு அதில் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் கையெழுத்திடுங்கள்.