ஒரு 'ச்சு' சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். புலி மாட்டப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போடுவார். அதைப் பார்த்தே எதிராளி உஷாராகிவிடுவார். சதுரங்கத்திலும் இதே கதைதான்.

பல வருடங்களுக்கு முன் கிருஷ்ணகிரியில் ஒரு போட்டி. குதிரையை நகர்த்தி, என் முறை முடிந்தது என்று கடிகாரத்தையும் அழுத்திவிட்டேன். அழுத்திய பிறகுதான் தெரிகிறது, ராணிக்குக் காவலே இல்லை! எதிரில் பன்னிரண்டு வயதுப் பையன். அவன் பலகையைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மாங்காய் லாரி ஒன்று நின்றது, அதில் லயித்திருந்தான். மாங்காய்ப் பருவம், அவனைக் குறை சொல்ல முடியாது. நான் சும்மா இருந்திருக்கலாம். என்னை அறியாமல் 'ச்சு' என்று ஒரு சத்தம். பையன் திரும்பினான். முதலில் என் முகத்தைப் பார்த்தான், அப்புறம்தான் பலகையை. கவனியுங்கள், முதலில் முகத்தை! ராணி போயிற்று.

துக்கத்தை மட்டும் அடக்கினால் போதுமா? சந்தோஷம் அதைவிட ஆபத்து. அவசரத்தில் கை வேறு காய்மேல் பட்டுவிட்டால், தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். 55ஆவது நகர்த்தலில் அப்போதைய உலக சாம்பியன், சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். நம் குகேஷுக்கு அப்போது 18 வயது. பிழை கண்ணில் பட்டும் உடனே பாயவில்லை. தன்னை நிதானப்படுத்திக்கொண்டு, பிறகுதான் காயைத் தொட்டார். டிங் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகு குகேஷ் தேம்பி அழுதார். அந்தக் கண்ணீரோடே காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்கினார். ஆட்டம் முடியும்வரைதான் அடக்கம், நேயர்களே. அப்புறம் அழலாம், தப்பே இல்லை.

எல்லோருக்கும் அந்த நிதானம் வாய்ப்பதில்லை. ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற கார்ல்சனே 2025 ஜூனில் நார்வேயில் குகேஷிடம் தோற்றதும் மேசையை ஓங்கிக் குத்தினார், காய்கள் துள்ளின. எனக்கு என்னவோ என் 'ச்சு' நினைவுக்கு வந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பெற்றோரைப் பற்றி நிறையப் பேச வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று. பிள்ளை தோற்று வெளியே வந்ததும் வாசலிலேயே விசாரணையை ஆரம்பிக்காதீர்கள். சேலத்தில் போட்டி என்றால், திரும்பும் பேருந்து தொப்பூர் தாண்டும்வரையாவது பொறுங்கள். முதலில் ஒரு டீ, ஒரு போண்டா. வணக்கம்.