ஒரு உழக்கு என்றால் எத்தனை கிராம்?

[திரையில்: பித்தளை உழக்கு, பக்கத்தில் டிஜிட்டல் தராசு]

வணக்கம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அடுக்களைகளில் அளவு என்றால் இன்னும் உழக்குதான். 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் தொடங்கி கடைத் தராசுகளில் படிப்படியாகக் கிலோ ஏறியது. ஆனால் ஆச்சிமார் சொல்லும் பக்குவத்தில் உழக்கு இறங்கவே இல்லை.

எங்கள் ஆச்சி உளுந்தங்களிக்குச் சொன்ன அளவு: “மாவு ஒரு உழக்கு, கருப்பட்டி ஒரு உழக்கு, நல்லெண்ணெய் கால் உழக்கு.” முதல் தடவை நான் கருப்பட்டியைக் கட்டி கட்டியாக உடைத்து உழக்கை நிரப்பினேன். களியில் இனிப்பே ஏறவில்லை. ஆச்சியிடம் கேட்டேன். “தட்டிப் பொடிச்சுல்லா அளக்கணும்” என்றாள்.

[திரையில்: அதே உழக்கு, முதலில் கட்டிகள், பிறகு பொடி]

நிறுத்துப் பார்த்தேன். கட்டியாகப் போட்டபோது 210 கிராம், பொடித்துப் போட்டபோது 270. கட்டிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியையும் சேர்த்து அளந்திருக்கிறேன். உழக்கு அளப்பது இடத்தை, தராசு அளப்பது பொருளை. கருப்பட்டி, வெல்லம், தேங்காய்த் துருவல் மூன்றையும் தராசில் வைப்பதே நல்லது.

மாவும் அப்படித்தான். 200 மில்லி தம்ளரில் கோதுமை மாவைச் சலித்துப் போட்டால் 100 கிராமை ஒட்டி நிற்கும். அதையே அழுத்தி நிரப்பினால் 130-ஐத் தாண்டிவிடும். அரிசி, சீனி இவ்வளவு ஆட்டம் காட்டாது. அதே தம்ளரில் தலைதட்டி அளந்தால் இரண்டுமே சுமார் 170 கிராம். குவித்து அளந்தால் கணக்கு போச்சு.

சரி, உங்கள் வீட்டு உழக்கு எவ்வளவு கொள்ளும்? ஊருக்கு ஊர், பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். காலி உழக்கைத் தராசில் வைத்துச் சுழியம் ஆக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் மட்டும் ஒரு மில்லிக்கு ஒரு கிராம், அதனால் தராசு காட்டுவதுதான் உழக்கின் கொள்ளளவு. எங்கள் வீட்டு உழக்கு 330 மில்லி. நன்றாகத் துடைத்துவிட்டு அரிசியைத் தலைதட்டி நிரப்பினேன்: 280 கிராம்.

இந்த இரண்டு எண் போதும். 280-ஐ 330-ஆல் வகுத்தால் 0.85. அரைக் கிலோ அரிசி என்று எங்காவது படித்தால், 500-ஐ 0.85-ஆல் வகுங்கள்: 590 மில்லிக்குக் கிட்ட வரும். எங்கள் உழக்கில் ஒன்றே முக்காலும், அதற்கு மேல் ஒரு சின்னக் கரண்டியும்.

வெளிநாட்டுக் குறிப்பில் ‘கப்’ என்று வந்தால் பெரும்பாலும் 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

[திரையில்: எண்ணெய் பாக்கெட்டில் அச்சடித்த எடை]

அப்புறம் எண்ணெயும் நெய்யும். ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெய்யும் ஏறக்குறைய அதே கனம்தான். அல்வாவுக்கு அரைக் கிலோ நெய் என்று எழுதியிருக்க, நீங்கள் 500 மில்லி பாட்டிலைக் கவிழ்த்தால் 45 கிராம் குறையும், அதாவது மூன்று பெரிய கரண்டி. கோதுமைப் பால் சுண்டி, நெய் கக்கி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரவேண்டிய நேரத்தில் அந்த மூன்று கரண்டி இல்லாதது நன்றாகவே தெரியும்.

இப்போது ஆச்சியின் களி, தராசுக் கணக்கில்: வறுத்து அரைத்த உளுந்து மாவு 190 கிராம், பொடித்த கருப்பட்டி 270 கிராம், அதைக் கரைக்கத் தண்ணீர் 825 மில்லி, நல்லெண்ணெய் 75 கிராம். இதை எழுதிச் சென்னையில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். அவள் வீட்டில் உழக்கு கிடையாது. அன்றைக்குச் சாயங்காலமே களி உருண்டையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள், நடுவில் குழிவிட்டு, எண்ணெய் ஊற்றி.