கோட்டுக்கு வெளியே நிற்கும் நாம்

(வியாசர்பாடியில் சிறுவர் கால்பந்துப் போட்டி ஒன்றின் பரிசளிப்பு விழாவில் பேசியது)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், வெயிலில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும், ஜெர்ஸியைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். பிள்ளைகளை வாழ்த்திப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். நான் பேச வேண்டியது நம்மைப் பற்றி.

காலை ஆட்டத்தில் வலது ஓரத்தில் ஒரு பையன் ஆடினான். பதினொரு வயது இருக்கும். பந்து காலுக்கு வந்தது, முன்னால் ஆளே இல்லை. அந்த நேரம் பார்த்து அப்பா "அடிடா" என்கிறார், மாமா "பாஸ் கொடுடா" என்கிறார், கோச் "இரு, இரு" என்கிறார். பையன் நின்றுவிட்டான். பந்தை விட்டுவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தான். எதிரணிப் பையன் வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போனான். அப்புறம் இவனுக்கு விழுந்த வசவு உங்கள் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும்.

கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே யோசிக்க நேரம் உண்டு. கால்பந்தில் கிடையாது. அந்த நொடியில் அவனேதான் முடிவெடுக்க வேண்டும். தப்பாக எடுத்து, பந்தைப் பறிகொடுத்து, அடுத்த தடவை சரி செய்துகொள்கிறவன்தான் ஆட்டக்காரனாக வளர்வான். நாம் கத்திக் கத்தி அந்த முடிவை அவனிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம்.

குரல் ஏன் உயர்கிறது என்பது எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ் என்று பந்தாடியே வேலைக்குப் போனவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு காலேஜ் சீட் கிடைத்தால் ஒரு குடும்பமே கரையேறும். 2023 டூரண்ட் கோப்பைப் போட்டியில் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அணிக்கு ஒரே கோலடித்து ஜெயிக்க வைத்த நந்தகுமார் சேகர் நம் சென்னைப் பையன். நம் பிள்ளையும் அப்படி வரமாட்டானா என்ற ஏக்கம் ஹார்பரில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு இருக்கத்தான் செய்யும். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் பாரம் முழுவதையும் பதினொரு வயசுக் காலில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது ரெஃப்ரி. இன்று விசில் ஊதிய தம்பி காலேஜில் படிக்கிறவர். ஒரு ஆஃப்சைடு கொடுத்ததற்கு "காசு வாங்கிட்டியா" என்று கேட்டோம். "வெளிய வா, பாத்துக்கறேன்" என்றது ஒரு குரல். அவருடைய அம்மாவையும் இழுத்தோம். நம் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது பாதியில் அவர்களே ரெஃப்ரியிடம் கையை நீட்டிப் பேசினார்கள். எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று தேட வேண்டியதே இல்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேர நகரில், மகன் ஆடிய ஆட்டத்துக்கு லைன்ஸ்மேனாகக் கொடி பிடிக்கப் போன ஓர் அப்பாவை எதிரணியினர் அடித்தே கொன்றார்கள். தண்டனை பெற்றவர்களில் இளம் ஆட்டக்காரர்களும் உண்டு, ஒரு பையனின் அப்பாவும் உண்டு. வாய்ச்சண்டை எதுவரை போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதைத் தடுக்கக் கால்பந்து ஆட்ட விதியிலேயே வழி இருக்கிறது. 2019 முதல் கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு கார்டு காட்டலாம். பார்வையாளருக்குக் கார்டு கிடையாது. ஆனால் வெளியாள் தொல்லை என்றால் ரெஃப்ரி ஆட்டத்தையே நிறுத்தலாம். அப்படி நின்றால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

இங்கிலாந்தில் 2008-இல் இதற்கென ஓர் இயக்கம் தொடங்கி, பெற்றோர் நிற்கக் கோட்டுக்குப் பின்னால் தனியாகத் தடுப்பு கட்டினார்கள். நம் கிரவுண்டில் வேலி இல்லை, கோட்டுக்கு மேலேயே நிற்கிறோம். ஒரு கயிறு போதும். கோட்டிலிருந்து நாலு தப்படி தள்ளிக் கட்டுவோம். கயிற்றுக்குப் பின்னால் நின்று கை தட்டுங்கள், பேர் சொல்லி உற்சாகப்படுத்துங்கள். அடி, கொடு, ஓடு என்று சொல்வது கோச்சின் வேலை, அதையும் அவர் அளவோடு செய்யட்டும். ரெஃப்ரியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா? ஆட்டம் முடிந்த பிறகு கேப்டன் போய்க் கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுத்த ஆட்டம். கயிறு நான் கொண்டு வருகிறேன். கட்டுவதற்கு நாலு அப்பாக்கள் வேண்டும், கயிற்றோரம் நின்று கவனிக்க இரண்டு அம்மாக்கள் வேண்டும். நான் கீழே இறங்கியதும் வந்து பேர் கொடுங்கள்.