உள்பக்கம் பலம், வெளிப்பக்கம் அழகு

நேயர்களுக்கு வணக்கம்.

நிறுத்தி வைத்த வண்டி சாய்ந்து விழ ஒரு நொடி போதும். ஸ்டாண்டு முழுசாக விழுந்திருக்காது, தரையும் கொஞ்சம் சரிவாக இருக்கும், அவ்வளவுதான். தூக்கி நிறுத்திப் பார்த்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பக்கவாட்டில் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக், ஃபேரிங் என்கிறோமே, அதில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசலும் சுற்றிலும் சிராய்ப்பும். ஓட்டத்தில் குறையில்லாத வண்டி, பார்க்க மட்டும் பாவமாக நிற்கும். அதை வீட்டிலேயே சரிசெய்வதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் முதல் முயற்சியைச் சொல்லிவிடுகிறேன். விரிசலில் சூப்பர் குளூவை ஊற்றி, ஐந்து நிமிடம் அமுக்கிப் பிடித்தேன். அருமையாக ஒட்டியது. நான்காம் நாள் ஒரு வேகத்தடையில் 'டிக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், ஒட்டிய இடம் பிளந்ததோடு விரிசல் இன்னும் இரண்டு விரற்கடை முன்னேறியிருந்தது. பசையைத் திட்டினேன். உண்மையில் அந்தப் பிளாஸ்டிக் என்ன வகை என்றுகூடப் பார்க்காமல் ஒட்டியது நான்தான்.

அதனால் முதல் வேலை, பேனலைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, திருப்பிப் பார்ப்பது. உள்பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில் சின்ன எழுத்து அச்சாகியிருக்கும். பெரும்பாலும் ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP). முதலாவது பிரேக்கில் வரும் ஏபிஎஸ் இல்லை, இரண்டாவது ரத்த அழுத்தமும் இல்லை. இரண்டுமே பிளாஸ்டிக்கின் பெயர்கள். பளபளவென்று பெயிண்ட் அடித்த ஃபேரிங் பெரும்பாலும் ஏபிஎஸ். வளைத்தால் வளைந்துகொடுக்கும் கறுப்புப் பாகங்கள் பல நேரம் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன்.

எழுத்து எதுவும் இல்லையென்றால், வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் அசிட்டோன் என்ற கரைப்பானைப் பஞ்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். ஏபிஎஸ் என்றால் சில நொடிகளில் அந்த இடம் பிசுபிசுக்கும், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். பிபி என்றால் ஒன்றும் ஆகாது.

இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மற்ற எல்லாமே இருக்கிறது. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். கரைந்தால், அதே பிளாஸ்டிக்கைக் கொண்டே அதை இணைக்கலாம். பிபி கரையாது. வீட்டில் கிடைக்கும் பசை எதுவும் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை, எபாக்சிகூட நாலு நாளில் தோல் மாதிரி உரிந்து வரும். பிபியைச் சூடுபடுத்தி உருக்கித்தான் இணைக்க வேண்டும், அதுவும் பிபி குச்சியைக் கொண்டே.

சரி, விரிசலுக்கு வருவோம். பேனலை மெதுவாக வளைத்தால் விரிசல் எதுவரை போகிறது என்று தெரியும். முனையில் ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். அந்தக் கோடு முடிகிற இடத்தில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ட்ரில்லால் ஒரு துளை போடுங்கள். நல்ல பேனலில் ஓட்டை போட மனசு வராது, தெரியும். ஆனால் அதிர்வின் விசையெல்லாம் விரிசலின் கூர் முனையில்தான் குவிகிறது. முனை வட்டமாகிவிட்டால் விசை பரவிவிடும், விரிசல் அங்கேயே நிற்கும். என் முதல் முயற்சியில் இதைச் செய்யாததால்தான் அந்த இரண்டு விரற்கடை.

அப்புறம், வெளிப்பக்கத்தில் இரண்டு விளிம்பும் சமமாக வரும்படி சேர்த்து டேப் ஒட்டிவிட்டு, பேனலைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். இனி வேலையெல்லாம் உள்பக்கத்தில்தான். விரிசல் நெடுக, பேனலின் கனத்தில் பாதிக்கு மேல் ஆழமாக, ஆங்கில 'வி' வடிவில் ஒரு பள்ளம் சுரண்டுங்கள். பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குல அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள்.

ஏபிஎஸ் குழம்பை முந்தின நாளே போட்டு வைத்திருக்க வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் உடைந்த ஏபிஎஸ் துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு, அது நனையும் அளவு அசிட்டோன் ஊற்றி மூடி வையுங்கள். துண்டுகள் வேண்டுமென்றால் குழந்தைகளின் லெகோ கட்டைகளே போதும். அவை 1963 முதல் பெரும்பாலும் ஏபிஎஸ்ஸில்தான் தயாராகின்றன. குழந்தையிடம் அனுமதி வாங்குவது உங்கள் பாடு. இரவெல்லாம் ஊறினால் காலையில் தேன் பதத்துக்கு வந்திருக்கும். நகப்பூச்சு நீக்கி என்று விற்பதை ஊற்றாதீர்கள். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், சில வகைகளில் அசிட்டோனே இருக்காது. இன்னொன்று, அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் வேண்டாம்.

குழம்பைப் பள்ளத்தில் மெல்லிசாகத் தடவ வேண்டும். பொறுமை இல்லாமல் ஒரேயடியாக நிரப்பினால் மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே கொழகொழவென்றே இருக்கும். காயக் காயச் சுருங்கவும் செய்யும். ஒரு பூச்சு, சில மணி நேர இடைவெளி, மறுபடி ஒரு பூச்சு. தடவும்போது பேனலை வளைத்தோ இறுக்கியோ பிடித்திருக்கக் கூடாது. இழுவிசையில் இருக்கும் ஏபிஎஸ்மேல் அசிட்டோன் பட்டால் புதிது புதிதாக நுண்விரிசல் விடும். முடித்ததும் இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள்.

அதிர்வு அதிகம் தாங்கும் இடம் என்றால் குழம்பு மட்டும் போதாது. மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையை ஒரு பட்டையாக வெட்டி, விரிசலின் குறுக்கே வைத்து, சால்டரிங் அயர்னால் அழுத்திப் புதைக்க வேண்டும். வலையின் கண்கள் வழியாகப் பிளாஸ்டிக் பொங்கி மேலே வரும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். கருகிய பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடும், பிடிக்காது. அந்தப் புகையைச் சுவாசிக்கவும் கூடாது.

பேனலில் அடிக்கடி உடைவது போல்ட் நுழையும் காதுகள்தான். அங்கே வலையைச் சின்ன வளையமாக வளைத்துப் புதைத்து, மேலே குழம்பைக் கட்டிவிட்டுத் துளை போடலாம். எதிர்ப்பக்கத்துக் காதை அச்செடுக்கலாம் என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். இடமும் வலமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறியிருக்கும் என்பது அச்சு எடுத்த பிறகுதான் உறைத்தது.

சிராய்ப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் கீறல் மேல் பூச்சோடு நிற்கிறது. 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து பாலிஷ் போட்டால் போய்விடும். மாட்டினால் புட்டி, 240-இல் தொடங்கி 400, 600 வரை தேய்ப்பு, பிளாஸ்டிக்குக்கான பிரைமர், பிறகு பெயிண்ட். சொரசொரப்பான கறுப்புப் பாகங்களைத் தேய்க்கவே வேண்டாம், அந்தச் சொரசொரப்பு திரும்பி வராது.

பெயிண்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பெயிண்டுக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சுதான் கிளியர் கோட். இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும், கடினமாக இறுகும் வகையில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அதற்கான கவசமும் தனி இடமும் இல்லாதவர்கள் அந்தக் கடைசிப் பூச்சைப் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். இன்னொரு விஷயம், இந்த வித்தை எதையும் ஹெல்மெட்டில் காட்டாதீர்கள். விரிசல் விட்ட ஹெல்மெட்டை மாற்றத்தான் வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், கடைசித் துளைக்குப் பேனலை இழுத்துப் பிடிக்க வேண்டி வரும்; பாதிக் காதுகள் உடைவது அப்படித்தான். தொலைந்துபோன ரப்பர் புஷ்களையும் வாங்கிப் போடுங்கள்.

என் வண்டியில் அந்த இடது ஃபேரிங் இன்னும் இருக்கிறது. உள்ளே கை விட்டால் வலையின் மேடு தட்டுப்படும். வெளியே விரிசல் தெரியாது. வெயிலில் ஒரு கோணத்தில் நின்று பார்த்தால் மட்டும் பெயிண்ட் ஒரு சாயல் மாறித் தெரியும். அந்தக் கோணத்தில் நான் நிற்பதில்லை.

நன்றி, வணக்கம்.