பச்சை முதுகு டிரவுட்டும் நம்ம ஊர் ஏரியும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, தரையில் சம்மணம் போட்டிருக்கும் என் செல்லங்களே, வணக்கம்.

இன்று மூன்று கதை. ஒரு மீன் தொலைந்த கதை, கிடைத்த கதை, அதன் முட்டை பொரிகிற கதை. அதற்கு முன், எந்த மேடை ஏறினாலும் நான் சொல்கிற பழமொழி: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மலை மாநிலம். அங்கே ஐஸ் மாதிரி குளிர்ந்த ஓடைகளில் ‘கிரீன்பேக்’, அதாவது பச்சை முதுகு என்கிற டிரவுட் மீன் இருந்தது. தாடைக்கு அடியில் கத்தியால் கீறினதுபோல் சிவப்புக் கோடு. சுரங்கக் கழிவு ஓடையைக் கெடுத்தது. போதாததற்கு வெளியூர் டிரவுட்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை இதன் இரையைப் பிடுங்கின. வானவில் டிரவுட் இதனோடு கலந்து இனத்தையே குழப்பியது. 1937-இல், பூண்டோடு போய்விட்டது என்றே முடிவு கட்டினார்கள்.

அப்புறம் 1950-களில் ‘கிடைத்துவிட்டது!’ என்று கொண்டாடி, அந்த மீனை வளர்த்து ஓடை ஓடையாக விட்டார்கள். 2012-இல் ஆய்வாளர்கள் அருங்காட்சியக பாட்டில்களில் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்த மீன்களை எடுத்தார்கள். அதில் துளி சதை வெட்டி மரபணுவைப் பார்த்தால், ஐயோ, இத்தனை நாள் வளர்த்தது வேறு மீன்! அசல் மீன் உலகத்திலேயே ஒரே ஓடையில், ‘பேர் கிரீக்’ (கரடி ஓடை) என்கிற ஓடையில்தான் மிச்சமிருந்தது. அதுவும் அதன் சொந்த ஓடை இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஜோன்ஸ் என்ற விடுதிக்காரர், மலையேற வருகிறவர்களுக்காகக் குளம் வெட்டிக் கொண்டுவந்து விட்ட மீனின் வம்சம் அது!

‘அப்போ கண்ட இடத்தில் மீன் விடலாமா தாத்தா?’ என்று கேட்பீர்கள். கூடாது கண்ணுகளா. ஜோன்ஸும் அளந்து போடவில்லை; ஏதோ நல்ல காலம், தப்பியது. மற்றவர்கள் அளக்காமல் போட்டதில் ஓர் இனமே போகப் பார்த்தது. பிறகு பேர் கிரீக் மீனிலிருந்து குஞ்சு எடுத்து, வேற்று மீனை அகற்றிய ஓடைகளில் விட்டார்கள். 2022-இல் ஹெர்மன் கல்ச் ஓடையில் அவை தாமாகவே இனம் பெருக்குவதை அறிவித்தார்கள்.

சரி, நம்ம ஏரிக்கு வருவோம். போன மாதம் மதகடியில் வலையை உதறினார்கள். பன்னிரண்டு ‘டேங்க் கிளீனர்’ மீன், முள்ளு முள்ளாக, கறுப்பாக. விரால் ஒன்றே ஒன்று. வீட்டுத் தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் பாவம் பார்த்து ஏரியில் விட்டதன் பலன் இது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், ஏரியில் போடுவதற்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்!

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மதகுக்குப் பக்கத்தில் ‘தொட்டி மீனை இங்கே விடாதீர்கள்’ என்று ஒரு பலகை வேண்டும். பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன். எழுத்து இந்தப் பிள்ளைகள் எழுதட்டும்.